உங்களுக்குத் தெரியுமா? மொரீசியஸ் கடலில் ஒரு நாள், ஒரு கேட்டமரான்

மொரீசியஸுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் கேட்டமரான் என்னும் இரட்டை உடல் படகுச் சவாரிக்கென்றே ஒரு நாளை ஒதுக்கி வைக்கிறார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் முழுப் படகையும் தனியாகவே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுப்பவர்கள் முதலில் விசாரிப்பது வாடகையை. முதலில் விசாரிக்க வேண்டியது காற்றை.

★ அந்தத் தீவில் ஆண்டின் பெரும்பகுதி காற்று தென்கிழக்கிலிருந்துதான் அடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே குளிர்காலம். அப்போது காற்று இன்னும் வலுக்கும். கிழக்குக் கரை அதை நேராக முகத்தில் வாங்குகிறது. மேற்குக் கரைக்கோ மலைகள் மறைப்பு. தீவின் மிக உயரமான சிகரம் (828 மீட்டர்) தென்மேற்கில்தான் இருக்கிறது. அதனால் ஒரே நாளில் கிழக்கே கடல் வெள்ளை நுரையாகப் பொங்கும், மேற்கே தாமரின் பக்கம் குளம் போலக் கிடக்கும். ஜூலையில் போகிறவர்கள் மேற்குக் கரையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. படகு எவ்வளவு சொகுசாக இருந்தாலும் தவறான கரையில் தவறான மாதத்தில் ஏறினால் பாதிப் பேர் மயங்கித்தான் கிடப்பார்கள்.

★ டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் புயல்கள் அதிகம். மொரீசியஸில் புயல் எச்சரிக்கையை 1 முதல் 4 வரை எண்களில் அறிவிப்பார்கள். நம் பள்ளி விடுமுறைக் கணக்குப்படி பார்த்தால் மே மாதம் வசதி: புயல் பயம் குறைந்திருக்கும், குளிர்காலக் காற்று முழு வேகம் எடுத்திருக்காது.

★ தீவின் பெரும்பகுதியைப் பவளப்பாறை வேலி போலச் சுற்றி நிற்கிறது. வேலிக்கு உள்ளே இருப்பது ஆழம் குறைந்த, அமைதியான காயல். வெளியே இந்தியப் பெருங்கடல். கிழக்கே மான் தீவுக்கு, அதாவது இல் ஓ செர்ஃபுக்குப் போகும் பயணம் காயலுக்குள்ளேயே முடிந்துவிடும். வடக்கே கிரான் பேயிலிருந்து பிளாட் தீவுக்கும் கேப்ரியல் தீவுக்கும் போவது அப்படி இல்லை. வேலியைத் தாண்டித் திறந்த கடலைக் கடந்தாக வேண்டும். கைக்குழந்தையும் வயதானவர்களும் கூட வந்தால் இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்தே வழியை முடிவு செய்யுங்கள்.

★ கேட்டமரானுக்குப் பெயர் தந்த நம் கரையின் கட்டுமரத்தில் மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். இன்றைய கேட்டமரானுக்கு இரண்டு தனித்தனி உடல்கள், நடுவே இடைவெளி. இந்த அமைப்பு பசிபிக் தீவு மக்களின் இரட்டைப் படகுகளை ஒத்தது. 40 அடி நீளப் படகு 20 அடிக்கு மேல் அகலமாக இருக்கும். சாயாமல் நிற்பது அந்த அகலத்தால்தான். அடியில் கனமான ஈயமோ இரும்போ கிடையாது. தண்ணீருக்குள் சுமார் 4 அடிதான் இறங்கும் என்பதால் கரைக்கு வெகு அருகில் போய் நங்கூரம் போட முடியும்.

★ ஆனால் பாரம் ஏற்றினால் கேட்டமரானுக்கு ஆகாது. உடல்கள் இரண்டும் ஒல்லி. அளவுக்கு மீறி ஆளும் சாமானும் ஏறினால் படகு அமிழ்ந்து வேகம் குறையும், அவற்றை இணைக்கும் நடுப்பலகையின் அடியில் அலை வந்து மோதும். உரிமத்தில் எத்தனை பேர் என்று போட்டிருக்கிறதோ அத்தனை பேர்தான். "கூட ரெண்டு பேர் வந்தா பரவாயில்ல" என்று யாராவது சொன்னால் அந்தப் படகை விட்டுவிடுங்கள். அங்கே உல்லாசப் படகுகளுக்கு உரிமம் கொடுப்பது சுற்றுலா ஆணையம். முன்பணம் கொடுக்கும் முன் உரிமத்தைக் காட்டச் சொல்லலாம், தயங்க வேண்டாம்.

★ தாமரின் விரிகுடாவுக்குக் காலையில் ஓங்கல்கள் வருவது விளையாட அல்ல, தூங்க. சுழன்று துள்ளும் ஸ்பின்னர் வகை டால்பின்கள் இவை. இரவெல்லாம் ஆழ்கடலில் சின்ன மீன்களையும் கணவாயையும் வேட்டையாடிவிட்டு, விடிந்ததும் ஆழம் குறைந்த மணல் தரைக்கு வந்து ஓய்வெடுக்கின்றன. மூளையின் ஒரு பாதி உறங்க மறு பாதி விழித்திருக்கும். அதனால்தான் கூட்டமாக, மெதுவாக, ஒரே சீராக மேலே வந்து மூச்சு விட்டுவிட்டு மறுபடி இறங்கும். அந்த நேரத்தில் பத்துப் படகுகள் சுற்றி வளைத்து, ஆட்கள் தொப்பென்று குதித்தால் அவற்றுக்கு ஏது தூக்கம்? தனிப் படகு எடுப்பதன் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. தள்ளி நிற்கச் சொல்ல, எஞ்சினை அணைக்கச் சொல்ல உங்களால் முடியும். சொல்லுங்கள். அவை தாமாக வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் போகட்டும்.

★ லெ மோர்ன் மலை 556 மீட்டர் உயரம். அடிமைத்தளையிலிருந்து தப்பியோடியவர்கள் அதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. அதன் முனையில் காற்று திடீரென்று வேகமெடுக்கும். காற்றாடிப் பலகையில் சறுக்குபவர்கள் உலகெங்கிலுமிருந்து அங்கே வருவது அதனால்தான்.

★ அதே மலையின் அருகே 'கடலுக்கடியில் அருவி' என்று ஒரு படம் கைப்பேசிகளில் சுற்றுகிறதே, அது மணலும் வண்டலும் கடலடிச் சரிவில் இறங்கும் தோற்றம். வானத்திலிருந்து மட்டுமே தெரியும். படகிலிருந்து காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

★ பிளாட் தீவும் கேப்ரியல் தீவும் இன்று மதிய உணவுக்கும் நீச்சலுக்கும் நங்கூரம் போடும் இடங்கள். ஒரு காலத்தில் கப்பலில் வந்த தொழிலாளர்களை நோய்க்குப் பயந்து ஒதுக்கி வைத்த இடங்களும் அவையே. 1856இல் கல்கத்தாவிலிருந்து வந்த இரண்டு கப்பல்களின் பயணிகளைக் காலராவுக்கு அஞ்சி கேப்ரியல் தீவில் இறக்கினார்கள். சரியான கூரை இல்லை, போதிய உணவில்லை. பலர் இறந்துபோனார்கள். அதனால் இந்தியாவிலிருந்து ஆள் அனுப்புவதே சில காலம் நிறுத்தப்பட்டது. நோபல் பரிசு பெற்ற லெ கிளேசியோ 1995இல் வெளியிட்ட நாவல் பிளாட் தீவுத் தனிமைப்படுத்தலைத்தான் களமாகக் கொண்டது. சென்னைத் துறைமுகம் வழியாகவும் ஆயிரக்கணக்கில் நம் மக்கள் மொரீசியஸுக்குப் போனார்கள். பிளாட் தீவிலோ கேப்ரியல் தீவிலோ இறங்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டு நீந்த விடுங்கள்.

★ படகோட்டிக்கு நீங்கள் எண்ணிக் கொடுக்கும் மொரீசியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கும். 1998இல் அச்சிட்ட புதிய தாள்களில் தமிழுக்கு முன்னால் இந்தி இடம்பெற்றதால் எதிர்ப்பு எழுந்தது. அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. தாளில் மட்டுமல்ல, நாட்காட்டியிலும் தமிழுக்கு இடமுண்டு: தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை.

★ 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்குக் கரையில் பவளப்பாறை மேல் ஏறி நின்றது. சில நாளில் எண்ணெய் கசிந்தது. சுமார் 1,000 டன் காயலில் கலந்தது. ஊர் மக்கள் காத்திருக்கவில்லை. கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்துத் தைத்து, காலிப் பிளாஸ்டிக் புட்டிகளைக் கட்டி மிதக்க விட்டு, நீளமான தடுப்புகளாக்கிக் கடலில் இழுத்துக் கட்டினார்கள். எண்ணெயை உறிஞ்சுமென்று தலைமுடியைக்கூட வெட்டிக் கொடுத்தார்கள். அவ்வளவு பாடுபட்டுக் காத்த கடல் இது. பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள், துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். மணல் தரையில்தான் நங்கூரம் போட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

★ சூரியத் தடுப்புக் களிம்பிலும் கவனம் வேண்டும். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் சேர்ந்த களிம்புகளின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது, பவளத்துக்குக் கெடுதல் என்று. முழுக்கைச் சட்டை போட்டு இறங்கினால் களிம்பே பாதிதான் தேவைப்படும்.

★ காயலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கடல் முள்ளெலி உண்டு. கல்லைப் போலவே அசையாமல் கிடக்கும் ஸ்டோன்ஃபிஷ் என்ற நச்சு மீனும் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரப்பர் செருப்பு நழுவும். பின்பக்கம் மூடிய கடல் காலணி வாங்கிக்கொள்ளுங்கள்.

★ படகிலேயே மீனும் கோழியும் சுட்டுக் கொடுப்பது வழக்கம். சைவம் என்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், அதுவும் அடுப்புத் தட்டு தனியாக வேண்டுமா என்பதையும் சேர்த்து. குழந்தைகளின் அளவுக்கு மிதவைச் சட்டை இருக்கிறதா, காற்று மிஞ்சினால் வேறு தேதியா அல்லது பணம் திரும்புமா, இந்த இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்தால் தீவுகளில் கூட்டம் குறைவு. குமட்டல் மாத்திரையைப் படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இருக்காது.