தராசும் கத்தியும்

அழகுக்கு உவமை கூறுவதில் எமது புலவர்கள் எவர்க்கும் இளைத்தவரல்லர். பெண்ணின் இடையை மின்னல் என்றனர், கொடி என்றனர், உண்டோ இல்லையோ என்று ஐயுறவும் செய்தனர். ஆயினும், அவ்விடையைத் தராசில் நிறுத்துப் பார்க்க அவர்களுள் எவரும் முற்பட்டாரில்லை. நிறுத்துப் பார்க்கும் வழக்கம் எமது காலத்துக்கே உரியது. உடலின் வடிவைச் சத்திரசிகிச்சையால் திருத்திக்கொள்ள விரும்பி இன்று ஒருவர் வைத்தியரிடம் சென்றால், அவர் முதலில் அறிய விரும்புவன உயரமும் நிறையுமே. அவ்விரண்டு எண்களும் ஒருவரை ஏற்கவும் விலக்கவும் வல்லனவாய் இருக்கின்றன.

என் நண்பர் ஒருவரின் மகள், ஆசிரியத் தொழில் புரிபவள், இவ்வாறு விலக்கப்பட்டவர்களுள் ஒருத்தி. "நிறை கூடிவிட்டது என்றுதானே வைத்தியரிடம் போனேன், நிறையைக் குறைத்துக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டாரே!" என்று என்னிடம் சொல்லி வருந்தினாள். பசித்தவனைப் பார்த்து, உண்டபின் பந்திக்கு வா என்று சொல்வதுபோல் அஃது அவளுக்குத் தோன்றியது. அவளது வினா நியாயமானது. அதற்கு விடை தேடிப் படித்தபோது நான் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

உடலிலுள்ள கொழுப்பைக் கருவியால் நீக்கும் முயற்சி துயரத்தோடு தொடங்கியது. 1920களில் பாரிஸ் நகரில், ஷார்ல் டுஜாரியே என்னும் சத்திரவைத்தியர் நடனமாது ஒருத்தியின் காலை மெலிவிக்க முயன்றார். இரத்தக்குழாய் சேதமுற்று, கால் அழுகி, ஈற்றில் அதனை வெட்டி அகற்ற நேர்ந்தது. அதன்பின் நெடுங்காலம் இத்துறையிற் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருக்கவில்லை. 1970களின் நடுப்பகுதியில் ரோம் நகரைச் சேர்ந்த ஆர்பாட் பிஷர், ஜோர்ஜியோ பிஷர் என்னும் தந்தையும் மகனும் கொழுப்பை உறிஞ்சும் கருவியொன்றை உருவாக்கினர். 1977இல் பிரான்சிய வைத்தியரான இலூஸ், ஒரு பெண்ணின் முதுகிலிருந்த கொழுப்புக் கட்டியைப் பெரிய வடு ஏற்படாமல் சிறு துளை வழியே உறிஞ்சி எடுத்தார். 1980களில் அமெரிக்கத் தோல் வைத்தியரான ஜெப்ரி கிளைன், ஐதாக்கிய விறைப்பு மருந்துக் கரைசலைக் கொழுப்பினுள் நிறையச் செலுத்தி இரத்தப்போக்கைக் குறைக்கும் முறையை வகுத்தார். இன்றைய சிகிச்சை இவற்றின் வழி வளர்ந்ததே.

இச்சிகிச்சை செய்வதென்ன? தோலுக்குக் கீழே, ஓரிடத்தில் திரண்டுள்ள கொழுப்பை நீக்குகிறது, அவ்வளவே. வயிற்றின் தசைச்சுவருக்கு உள்ளே, குடலைச் சூழ்ந்து படிந்த கொழுப்பை இக்கருவி எட்டாது. ஒரே தடவையில் 5 லீற்றருக்கு மேல் உறிஞ்சினாலே அதனைப் பேரளவுச் சிகிச்சை என்று கருதி, மிகுந்த கண்காணிப்பை வேண்டுகின்றனர். அந்த ஐந்து லீற்றரும் முழுவதும் கொழுப்பன்று. செலுத்திய கரைசலும் அதிற் கலந்திருக்கும். ஆகவே, முப்பது கிலோகிராம் மிகையாக உள்ளவருக்கு இதனால் நீங்குவது மிகச் சிறு பங்கே.

பயன் சிறிதாக, ஆபத்தோ பெரிதாகிறது. உடல் பருத்தவருக்கு மயக்கமருந்து கொடுத்தலும் மூச்சுப் பாதையைக் காத்தலும் கடினம். காலின் நாளங்களில் இரத்தம் உறைந்து, அவ்வுறைவு நுரையீரலை அடைந்து உயிரைப் போக்கும் அபாயமும் அவருக்குக் கூடுதல். தடித்த கொழுப்புக்கு இரத்த ஓட்டம் குறைவாதலால் வெட்டிய புண் ஆறத் தாமதமாகும். கிருமி தொற்றவும் கூடும். இக்காரணங்களாலேயே உடற்றிணிவுச் சுட்டெண் 30க்கு மேற்பட்டோரைப் பல வைத்தியர்கள் ஏற்கத் தயங்குகின்றனர். நிறை சில மாதங்களேனும் ஏறாமலும் இறங்காமலும் நிலைத்திருக்க வேண்டும் என்றும் அவர்கள் கேட்கின்றனர்.

கொழுப்பை எடுத்துவிட்டால் நோயும் நீங்கும் என்று நம்புவோருக்கு 2004இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று தக்க பாடம். உடல் பருத்த 15 பெண்களிடமிருந்து ஏறக்குறையப் பத்துக் கிலோகிராம் கொழுப்பு உறிஞ்சப்பட்டது. சில வாரங்கள் கழித்துச் சோதித்தபோது, இரத்த அழுத்தத்திலோ இன்சுலின் செயற்பாட்டிலோ குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் காணப்படவில்லை. 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில், தொடையிலிருந்து நீக்கிய கொழுப்பின் அளவு ஓராண்டுக்குள் மீண்டுவிட்டது. மீண்ட கொழுப்பு வயிற்றுப்பகுதியை நாடியது.

இனி, அச்சுட்டெண்ணைப் பற்றியும் ஒரு சொல். உடல் நிறையைக் கிலோகிராமில் எடுத்து, மீற்றரிற் கொண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 1.60 மீற்றர் உயரமுள்ளவருக்கு 64 கிலோகிராம் எனின் 25. ஏறத்தாழ 77 எனின் 30. இதற்கு அடிகோலியவர் வைத்தியரல்லர். வானியலும் கணிதமும் கற்ற பெல்ஜிய அறிஞர் அடொல்ப் கெத்லே. "சராசரி மனிதன்" எத்தகையவன் என்று ஆராய்ந்த அவர், 1832இல் இவ்வுறவை எடுத்துக் காட்டினார். 1972இல் அமெரிக்கரான ஆன்செல் கீஸ் முதலியோர் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினர். மக்கட்கூட்டங்களை ஒப்புநோக்கப் பிறந்த எண் அது. தசை எது, கொழுப்பு எது என்று அஃது அறியாது. கொழுப்பு எங்கே தங்கியுள்ளது என்பதையும் சொல்லாது. தென்னாசியரான எம்மவர்க்குக் குறைந்த சுட்டெண்ணிலேயே நீரிழிவு தோன்றுவதுண்டு. அதனாலேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்னும் எண்களையும் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளலாம் என்று 2004இல் எடுத்துரைத்தது.

அப்படியாயின் இச்சிகிச்சைக்குத் தகுதியுடையோர் யாவர்? நிறை ஏறக்குறைய அளவோடிருந்தும், உணவாலும் உழைப்பாலும் கரையாத கொழுப்பு ஓரிடத்தில் உள்ளவர் ஒரு சாரார். அரிதின் முயன்று பெருநிறையைக் குறைத்து, தளர்ந்து தொங்கும் தோலாற் புண்ணும் கூச்சமும் அடைந்தவர் மற்றொரு சாரார். தோலை வெட்டித் தைத்தல் அவர்களுக்கு ஆடம்பரமன்று, ஆறுதல். தராசு காட்டாத தகுதிக்குறைவும் ஒன்றுண்டு. மெலிந்திருந்தும் தன்னைப் பருத்தவளாகவே கண்ணாடியிற் காண்பவளுக்கு எக்கத்தியும் அமைதி தராது. அவளுக்கு வேண்டியது மனநல வைத்தியரின் துணை.

ஆகவே, "இப்போது வேண்டாம்" என்று சொல்லும் வைத்தியரை நான் குறைகூற மாட்டேன். நண்பரின் மகளிடமும் இதனையே சொன்னேன். பணம் கிடைக்கிறதென்று எவரையும் மேசையில் ஏற்றுபவரைக் காட்டிலும் அவர் மேலானவர். ஆனால் அம்மறுப்பைச் சொல்லும் முறையில் இரக்கம் வேண்டும். அந்த எண் ஆபத்தின் அளவைக் குறிப்பதேயன்றி, மனிதரின் மதிப்பைக் குறிப்பதன்று.

இப்பக்கங்களைப் படிப்போருள் ஆசிரியர் பலர் இருப்பர். கத்தியை நாடும் ஆசை வைத்தியசாலை வாயிலில் முளைப்பதன்று. பெரும்பாலும் வகுப்பறையிலே, யாரோ சூட்டிய ஒரு பட்டப்பெயரிலே அது வித்தூன்றுகிறது. அவ்வித்தை முளையிலே கிள்ளும் ஆற்றல் எம் கையில் உள்ளது. வள்ளுவர் "மருந்து" என்னும் அதிகாரத்தில் அளவறிந்து உண்ணுதலைப் பேசினார். உண்பதில் மட்டுமன்று, பிறர் உடலைப் பற்றிப் பேசும் பேச்சிலும் அளவறிதலை மாணவர்க்குக் கற்பிப்போமாக.