சூட்டை வென்ற காந்தம்



இரும்பு ஆணி ஒன்றில், உறையிட்ட செப்புக் கம்பியைச் சுற்றி, அதன் இரு முனைகளையும் டார்ச் லைட் பேட்டரியில் தொட்டால், ஆணி காந்தமாகிக் குண்டூசிகளை இழுக்கும். வகுப்பில் நாம் இதைச் செய்து காட்டும்போது பிள்ளைகள், "கரண்டைக் கூட்டினால் லாரியையும் இழுக்குமா, டீச்சர்?" என்று கேட்பார்கள். வீட்டுக் கரண்டில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது என்று முதலில் எச்சரித்துவிட்டு, கம்பியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வோம். அது சுடும். மின்சாரம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். முடிவில் கம்பியே உருகிப்போகும்.

இந்தச் சூட்டோடு போராடியவர் பீட்டர் கபிட்சா என்னும் ரஷ்ய விஞ்ஞானி. 1921-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். பெரும் மின்சாரத்தை ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் கம்பிச்சுருளில் பாய்ச்சினால், அது உருகுமுன் ஆராய்ச்சி முடிந்துவிடும் அல்லவா? அவ்வாறு அவர் 3 லட்சம் காஸ் வலிமையைப் பெற்றார். இது பூமியின் காந்த வலிமையைப்போல் சுமார் 6 லட்சம் மடங்கு!

ஆனால், மின்னாக்கி இயந்திரம் அந்த நொடியில் தரையையே அதிரச் செய்யும். அதனால் கம்பிச்சுருளை 20 மீட்டர் தள்ளி வைத்தார். அதிர்ச்சி தரைவழியே வந்து சேர்வதற்குள் சோதனை முடிந்துவிடும்.

1934-இல் கபிட்சா அங்கேயே ஹீலியம் வாயுவைத் திரவமாக்கும் இயந்திரம் ஒன்றையும் அமைத்தார். திரவ ஹீலியத்தின் குளிர் சுழியத்துக்குக் கீழே 269 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் சில உலோகக் கலவைகளால் ஆன கம்பிகள் மின்சாரத்தைச் சிறிதும் தடுப்பதில்லை. ஆகவே சூடும் இல்லை.

இன்று மருத்துவமனைகளில் உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் பெரும்பாலானவை இத்தகைய குளிர்ந்த காந்தங்களே. பல இயந்திரங்களின் வலிமை 15,000 காஸ். படம் எடுக்காத வேளையிலும் அந்தக் காந்தம் ஓய்வதில்லை; கத்தரிக்கோலைக்கூடப் பறித்து இழுத்துவிடும்.

ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே! அந்தப் பரிசோதனைக்குப் போகும்போது நகை, சாவி, ஊசி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். நெஞ்சில் இதயக் கருவியோ, எலும்பில் உலோகத் தகடோ, கண்ணில் எப்போதாவது பட்ட இரும்புத் துகளோ இருந்தால், கூச்சப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல் உயிரைக் காக்கும்.