மனோரமா வந்தா எழுப்பு

எங்கள் தோட்டத்தில் சம்பளம் போட்ட வாரம் படம் காட்டுவார்கள். பந்து விளையாடும் திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினால் அதுதான் தியேட்டர். பொழுது சாய்வதற்குள் பிள்ளைகள் நாங்கள் பாயைக் கொண்டுபோய் இடம் பிடித்துவிடுவோம்.

அம்மா லேசில் வரமாட்டார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கித்தாக் காட்டுக்குப் போகிறவருக்கு ராத்திரிப் படம் கட்டுப்படியாகுமா? வாசற்படியில் நின்றபடி ஒரே கேள்விதான் கேட்பார்: "படத்துல மனோரமா இருக்கா?" இருக்கிறார் என்றால் முந்தானையைப் போர்த்திக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்காருவார். பத்து நிமிடம்கூடத் தாங்காது. பாயில் சாய்ந்துவிடுவார். சாயும்போது என் காதில், "மனோரமா வந்தா எழுப்பு" என்பார்.

கதாநாயகன் சண்டை போடுவான், கதாநாயகி அழுவாள். அம்மா தூங்குவார். மனோரமா திரையில் வந்ததும் நான் தோளைத் தட்டுவேன். எழுந்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். அம்மா அப்படிச் சிரித்து நான் வீட்டில் பார்த்ததில்லை.

அம்மா பிறந்தது 1937. மனோரமாவும் அதே ஆண்டுதான், மே 26-ஆம் தேதி மன்னார்குடியில். பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. தகப்பனார் குடும்பத்தைக் கைவிட்டதால், தாயார் ராமாமிர்தம் கைக்குழந்தையோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்து, பிறர் வீடுகளில் வேலை செய்து மகளை வளர்த்தார். மகளின் படிப்பு பாதியில் நின்றது. ஆனால் பாட வந்தது. பன்னிரண்டு வயதில் நாடக மேடை ஏறினார். மனோரமா என்ற பெயர் நாடகக்காரர்கள் வைத்தது. பிற்காலத்தில் ஊரே கூப்பிட்ட 'ஆச்சி' என்ற பெயரில் செட்டிநாட்டு வாசம் இருக்கிறது. அங்கே பெரிய வீட்டுப் பெண்களை மரியாதையாக ஆச்சி என்பார்கள். அத்தகைய வீடுகளில் பாத்திரம் துலக்கியவரின் மகளைத்தான் பின்னாளில் தமிழ்நாடே ஆச்சி என்று அழைத்தது.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து நாடக மேடை எப்படி இருந்திருக்கும் என்று சொன்னால் புரியாது. 'கட்' சொல்ல ஆளில்லை. வசனம் மறந்தால் மறந்ததுதான், அடுத்தவர் முகத்தைப் பார்த்தே சமாளிக்க வேண்டும். கடைசி வரிசையில் கடலை கொறிப்பவனுக்கும் குரல் கேட்க வேண்டும். எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில் மனோரமா இந்தப் பாடத்தையெல்லாம் கற்றார். அண்ணா எழுதி நடித்த 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் அண்ணாவோடும், 'உதயசூரியன்' நாடகத்தில் கலைஞர் கருணாநிதியோடும் மேடையில் நின்றார். பின்னர் சினிமாவில் எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, தெலுங்கில் என்.டி.ராமராவ். ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்று எல்லாரும் எழுதுவது இந்தக் கணக்கைத்தான்.

1954-இல் நாடகக் குழுவைச் சேர்ந்த ஒருவரைக் காதலித்து மணந்தார். ஒரு மகன் பிறந்தான். கொஞ்ச காலத்திலேயே கணவர் பிரிந்து போய்விட்டார். தாய்க்கு நடந்தது மகளுக்கும் நடந்தது. இருபது வயதுகூட நிரம்பாத பெண் கையில் குழந்தை, பக்கத்தில் தாய், கைத்தொழில் நாடகம். அவ்வளவுதான் முதல்.

சினிமாவுக்கு வந்தபோது எல்லாப் பெண்களையும்போல அவருக்கும் கதாநாயகி ஆசைதான். தொடங்கிய படங்கள் பாதியில் நின்றன. 1958-இல் 'மாலையிட்ட மங்கை' படத்தைத் தயாரித்த கவியரசு கண்ணதாசன், நகைச்சுவை வேடம் கொடுத்தார். மனோரமா தயங்கினார். கதாநாயகியாக நடித்தால் நாலைந்து வருடத்தில் ஓரங்கட்டிவிடுவார்கள், நகைச்சுவை என்றால் காலம் முழுக்க நிற்கலாம் என்று கவிஞர் எடுத்துச் சொன்னாராம். இதை மனோரமாவே பல பேட்டிகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். ஐந்து வருடம் கழித்து மாடர்ன் தியேட்டர்ஸ் 'கொஞ்சும் குமரி'யில் அவரைக் கதாநாயகியாகவும் ஆக்கியது. ஆனால் காலம் கண்ணதாசன் பக்கம்தான் பேசியது.

என்னைக் கேட்டால், மனோரமாவின் பெரிய சொத்து முகமோ உடம்போ இல்லை, காது. 'அனுபவி ராஜா அனுபவி'யில் நாகேஷோடு தூத்துக்குடிப் பேச்சு. 'பொம்மலாட்டம்' படத்தில் சோவோடு சென்னைத் தமிழ், அதிலும் 'வா வாத்தியாரே' பாட்டை அவரே பாடினார். கொங்குத் தமிழ், செட்டிநாட்டுத் தமிழ், பிராமண வீட்டுத் தமிழ் என எதை எடுத்தாலும், அந்த ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலவே இருக்கும். மற்றவர்கள் வட்டார வழக்கைக் கிண்டலுக்குப் பேசினார்கள். அவர் அதைக் கிண்டல் செய்யவில்லை. பிறர் வீட்டுப் பின்கட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்துக் கேட்பது பிழைப்பின் ஒரு பகுதியாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இதை நான் புரிந்துகொள்ள வெகு நாள் ஆயிற்று. தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆன புதிதில் அம்மாவின் தோட்டத்துப் பேச்சு எனக்குக் கூச்சமாக இருந்தது. "வந்துச்சு இல்லம்மா, வந்தது" என்று சக ஆசிரியைகளுக்கு முன்னாலேயே திருத்தியிருக்கிறேன். அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். விருந்தாளி வந்தால் தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விடுவார். அதைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

'தில்லானா மோகனாம்பாள்' வந்தது 1968-இல். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் படமாக்கினார். நாதஸ்வரத்துக்குச் சிவாஜி, பரதத்துக்குப் பத்மினி, போதாததற்கு பாலையா, நாகேஷ். அவ்வளவு பேருக்கு நடுவில் ஊர் ஊராகப் போகும் நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா நுழைகிறார். அலட்டலும் வெகுளித்தனமும் கலந்த பேச்சு. நாயனக்காரர்மேல் அவளுக்குள்ளது பக்தியா பிரியமா என்று அவளுக்கே தெரியாது. சிவாஜி முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தனக்குக் கிடைக்காது என்று தெரிந்த ஒன்றின்மேல் பொறாமைப்படாமல், மோகனாவின் மனசை அவருக்கு எடுத்துச் சொல்லுவாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நமக்குத் தொண்டை அடைக்கும். நாடகக் கொட்டகையின் தூசி படிந்த அந்தப் பாத்திரத்துக்கு மனோரமா வெளியே போய் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

1972-இல் 'காசேதான் கடவுளடா' படத்தில் பணப்பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிய பணக்காரச் சித்தி. 1986-இல் 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் வேலைக்காரி கண்ணம்மா. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், நடை மாறியிருக்கும். விசுவின் அந்தப் படத்தில் கிஷ்முவோடு மோதும் காட்சியில், தன்னைத்தானே அடக்கிக்கொள்வதுபோல் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்த மூன்று சொற்களை இந்த நாட்டில் சொல்லிப் பார்க்காத தமிழ்க் குடும்பம் இருக்காது. அந்தக் காட்சி ஒரு மேடைக் காட்சி. ஒரு குரலே இரண்டு ஆளாகப் பேசுவது மேடையில் அடிபட்டவருக்கு மட்டுமே கைவரும்.

இன்னொரு வேடிக்கை. கதாநாயகிக்கு ஏற்றவர் இல்லை என்று இருபது வயதில் ஒதுக்கப்பட்டவரை நம்பி, அவருடைய 51-ஆவது வயதில் ஏவி.எம். 'பாட்டி சொல்லைத் தட்டாதே' எடுத்தது. பாட்டிதான் படமே. அடுத்த ஆண்டு பார்த்திபனின் 'புதிய பாதை'க்காகத் துணை நடிகைக்கான தேசிய விருது, 2002-இல் பத்மஸ்ரீ, ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்ததற்காகக் கின்னஸ் புத்தகம். விருதுப் பட்டியல் இன்னும் நீளும், விட்டுவிடுகிறேன். 'சின்னத்தம்பி'யில் தாலி அறுத்த தாய்க்கு மஞ்சள் பூசிக் கொடுமைப்படுத்தும் காட்சியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா டிவியை அடைத்தே விட்டார். அது எந்தப் பட்டியலிலும் வராது.

சின்னத்திரைக்கும் வந்தார். 'ஆச்சி இன்டர்நேஷனல்' போன்ற தொடர்களில் நடித்தார். உண்மையைச் சொன்னால், சினிமாவும் மேடையும் அவருக்குக் கொடுத்த தீனியைத் தொடர்கள் கொடுக்கவில்லை. அழுகைக்கும் உபதேசத்துக்கும் நடுவில் அவரைச் சிக்கவைத்தார்கள். ஆனாலும் வயதாகி, முட்டி வலியோடு வீட்டுக்குள் முடங்கிய என் அம்மாவைப் போன்றவர்களுக்கு, வெள்ளைத் துணியில் பார்த்த முகம் வரவேற்பறைக்கே வந்து பேசியது பெரிய துணை. அம்மா டிவியைப் பார்த்துப் பதில் பேசுவார்.

ஒரு பள்ளி விடுமுறை. அம்மாவுக்குக் கண் மங்கியிருந்த சமயம். தமிழ்நாட்டு வார இதழ் ஒன்றில் மனோரமாவைப் பற்றி வந்திருந்ததை வாசித்துக் காட்டினேன். தாயார் வீட்டு வேலை செய்தது, கணவர் விட்டுப் போனது, கைக்குழந்தையோடு மேடைக்குப் போனது. அம்மா அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"அந்தப் பொம்பளைக்குமா?" என்றார்.

எனக்கு நினைவு தெரிந்த நாளாக, நான் பிறந்த வருடமே அப்பா காய்ச்சலில் இறந்துவிட்டார் என்றுதான் அம்மா சொல்லியிருந்தார். அன்று மத்தியானம்தான் உண்மையைச் சொன்னார். நான் ஏழு மாதக் குழந்தையாக இருக்கும்போது டவுனுக்கு வேலை தேடிப் போனவர் திரும்பவே இல்லை. ஊர் வாய்க்குப் பயந்து, என்னைத் தூக்கிக்கொண்டு வேறு தோட்டத்துக்கு வந்துவிட்டார். புது இடத்தில் யார் கேட்டாலும் செத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். பொட்டை அழித்ததும் அதற்காகத்தான்.

"ஏம்மா எங்கிட்டகூடச் சொல்லல?"

"சொன்னா நீ வார்த்தைக்கு வார்த்தை திருத்திக்கிட்டிருப்பே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றைக்குப் பிறகு அம்மாவின் பேச்சை நான் திருத்தியதில்லை.

2015 அக்டோபர் 10, சனிக்கிழமை இரவு மனோரமா சென்னையில் காலமானார். வயது 78. ஞாயிறு காலை பசியாற உட்கார்ந்தபோது அம்மாவிடம் சொன்னேன். தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய், சாமி விளக்குக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை.

சாயங்காலம் 'தில்லானா மோகனாம்பாள்' போடச் சொன்னார். சிவாஜியும் சகாக்களும் நாதஸ்வரம் வாசிக்க ஆரம்பித்ததுமே, சாய்வு நாற்காலியில் அம்மாவின் தலை சரிந்துவிட்டது. கண்ணை மூடுவதற்கு முன் என் கையைத் தொட்டு, "அது வந்தா எழுப்பு" என்றார்.

எழுப்ப வேண்டிய வேலை எனக்கு வரவில்லை. ஜில் ஜில் ரமாமணியின் குரல் கேட்டதும், அம்மா தானாகவே கண் விழித்து, நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.