மருந்து எடுப்பவர்கள் வாயையும் கவனியுங்கள்

மண்சரிவுக்குப் பயந்து பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் தங்கியிருந்த நாட்களில் ஒழுங்காகப் பல் துலக்க முடியாமல் போயிருக்கலாம். கிளினிக் மருந்தும் இடையில் நின்றிருக்கலாம். இப்போது மருந்தை மீண்டும் எடுக்கும்போது வாய் காய்ந்தாலோ ஈறு வீங்கினாலோ, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் குளிசையை நிறுத்தினால் பாரிசவாதம் வரலாம். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பலாம். வாயில் வரும் பல தொல்லைகளுக்கு வழி உண்டு.

வாய் காய்ந்தால்

தடிமலுக்குத் தரும் பிரிட்டன், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் போன்றவை உமிழ்நீரைக் குறைக்கும். உமிழ்நீர்தான் பல்லைக் கழுவிக் காக்கிறது. அது குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும். கொதித்தாறிய தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சீனி போட்ட சாயத்தண்ணியைக் குறையுங்கள். வாய் காய்கிறது என்று வெற்றிலை, பாக்கு, புகையிலை போடாதீர்கள். அவை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும்.

ஈறு தடித்து வளர்ந்தால்

பிரஷருக்கு எடுக்கும் அம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்புக்கு எடுக்கும் ஃபெனிடோயின் ஆகியவை சிலருக்கு ஈற்றை வளரச் செய்யும். பல்லில் அழுக்குப் படிந்திருந்தால் இது கூடும். காலையிலும் இரவிலும் புளோரைட் பற்பசையால் மெதுவாகத் துலக்குங்கள். கிளினிக்கில் சொன்னால் தேவைப்படும்போது வைத்தியர் மருந்தை மாற்றித் தருவார்.

இழுப்புக்குப் பம்ப் எடுத்தால்

ஸ்டீரொய்ட் பம்ப் எடுத்தபின் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் படலமாகப் பூஞ்சை வரலாம்.

பிள்ளைகளுக்கு

பாணி மருந்துகள் பலவற்றில் சீனி உண்டு. கொடுத்தபின் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். மருந்து கொடுத்து, பல் துலக்கிய பிறகே நித்திரைக்கு விடுங்கள். எலிக்காய்ச்சலைத் தடுக்கப் பெரியவர்களுக்குத் தந்த டொக்சிசைக்கிளினை, வைத்தியர் சொல்லாமல் 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கோ கர்ப்பிணிக்கோ கொடுக்காதீர்கள். இந்த வகை மருந்துகள் வளரும் பல்லில் அழியாத கறையை உண்டாக்கக்கூடும்.

பல் பிடுங்கும் முன்

அஸ்பிரின், வார்ஃபரின், குளோபிடோகிரல் எடுப்பவர்களுக்கு இரத்தம் நிற்கத் தாமதமாகும். பல் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பல்வலிக்கு டிஸ்பிரினை ஈற்றில் வைக்காதீர்கள், புண்ணாகும்.

எங்கே காட்டுவது?

நுவரெலியா மாவட்ட பொது வைத்தியசாலை, டிக்கோயா ஆதார வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். பல்லுக்கென்று தனியாக ஒரு நாள் பேரை இழக்க வேண்டாம். கிளினிக் நாளிலேயே வாயையும் காட்டிக் கேளுங்கள். கிளினிக் கொப்பி மண்ணோடு போயிருந்தால், மீதமுள்ள குளிசை அட்டைகளையும் மருந்து உறைகளையும் கொண்டுபோங்கள்.

வாயில் உள்ள புண் 2 வாரங்களில் ஆறாவிட்டால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

எனலாப்ரில் போன்ற குளிசை எடுப்பவருக்கு உதடோ நாக்கோ திடீரென வீங்கினால், அடுத்த குளிசையை எடுக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மூச்சுவிடச் சிரமமானால் 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள்.