கதிர்காமத்துக்கு நடக்க விரும்புவோர்க்கு

சென்ற வாரம் எம்மிடம் கற்கும் மாணவர் ஒருவர் வந்து, "சேர், அம்மாவின்ரை நேர்த்திக்காக வாற வைகாசியிலை கதிர்காமத்துக்கு நடக்கப் போறன். என்னென்ன கொண்டு போகவேணும்?" என்று வினவினார். கொண்டு போகலாகாதவற்றையே நாம் முதலிற் கூறினோம். அதற்குக் காரணம் எமது சொந்தத் தோல்வியே.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் வழியாகச் செல்லும் இப்பாதயாத்திரை 500 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. போர்க்காலத்திற் பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்த இவ்வழி, 2009இல் போர் முடிந்தபின் மீண்டும் அடியார்களைக் காண்கின்றது.

நாம் முதன்முறை புறப்பட்டபோது புதுச் சப்பாத்து அணிந்து, இரு போர்வை, நான்கு சோடி உடுப்பு, மூன்று நூல்கள் ஆகியவற்றையும் சுமந்து, யாவர்க்கும் முன்னே நடந்தோம். மூன்றாம் நாள் குதிக்கால் இரண்டும் கொப்புளித்தன. வட்டப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலை அடையுமுன்னரே பேருந்தேறி ஊர் திரும்பினோம். எம்முடன் வந்த எழுபது வயது ஆச்சி ஒருவர் சிறு துணிப்பையுடன் கதிர்காமம் வரை நடந்தார். நாம் திரும்பும்போது அவர் கூறியது இன்றும் செவியில் ஒலிக்கின்றது: "தம்பி, கால் சொல்லுறதைக் கேட்டு நடவுங்கோ. ஆரோடையும் போட்டி போடாதையுங்கோ."

கணக்கிட்டுப் பார்த்தால் ஆச்சியின் கூற்று எத்துணைப் பொருத்தமானது என்பது விளங்கும். ஏறத்தாழ ஐம்பது நாளில் முடியும் நடைக்கு நாளொன்றுக்குப் பதினொரு கிலோமீற்றர் போதும். அது அரிய செயலன்று. மறுநாளும், அதற்கு மறுநாளும் அதனைச் செய்வதே அரிது. ஆகவே மூன்று மாதம் முன்னரே பயிற்சி தொடங்குக. முதலில் மூன்று கிலோமீற்றர் நடந்து, வாரந்தோறும் சிறிது கூட்டி, ஈற்றில் பையையும் சுமந்து இரு நாள் தொடர்ந்து நடந்து பார்த்தல் நன்று. காலணி பழகியதாக இருத்தல் வேண்டும். கொப்புளத்தின் தோலை உரிக்காது, கழுவித் துப்புரவான துணியாற் கட்டுக. நீரிழிவுள்ளோர் வைத்தியரிடம் கேட்டே புறப்படுதல் வேண்டும். பாதங்களை நாடோறும் பார்த்தலும் அவசியம்.

சுமை உடல் நிறையிற் பத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது. மாற்றுடுப்பு, ஒரு போர்வை, துவாய், கைவிளக்கு, தண்ணீர்ப் போத்தல், மருந்து, அடையாள அட்டை என்பன போதும். கிழக்கிலே அடியார்களைச் "சாமி" என்றழைத்து அன்னமிடும் மக்கள் பலர். ஆதலால் உணவை மூட்டையாகக் கட்டவேண்டியதில்லை.

ஆனி மாதத்துக் கச்சான் காற்று உடலின் நீரை உறிஞ்சிவிடும். விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நிழலை அடைதல் வேண்டும். வயிற்றோட்டம் கண்டால், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரிற் சீனி ஆறு தேக்கரண்டியும் உப்பு அரைத் தேக்கரண்டியும் மட்டமாக அளந்து கரைத்துச் சிறுகச் சிறுகப் பருகுக. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் எக்காரணங் கொண்டும் பாதையை விட்டிறங்கலாகாது.

உகந்தமலை முருகன் கோயிலைக் கடந்தபின் வருவது குமண, யால வனங்கள். அரசு அனுமதிக்கும் நாட்களில் மட்டுமே அவ்வழி திறக்கப்படும். கடைகள் இல்லாத அக்காட்டிற் சில நாளைக்கான உணவையும் நீரையும் சுமந்தே ஆகவேண்டும். யானையும் கரடியும் சிறுத்தையும் வாழுமிடம் அது. கூட்டத்தை விட்டுப் பிரியாமல், மிக மெல்ல நடப்பவரின் வேகத்திலேயே யாவரும் செல்லுதல் முறை. பொலித்தீன் பைகளை அங்கே எறிதல் பெரும் பிழை.

உடல் இடங்கொடாவிடின் திரும்பிவருவது இழிவன்று. எம்மைத் திருப்பியனுப்பிய அதே பாதை, பின்னொரு வருடம் சிறு பையுடன் சென்ற எம்மை மாணிக்க கங்கைக் கரை வரை அழைத்துச் சென்றது. முருகனுக்கு வைத்த நேர்த்தி மறுவருடமும் காத்திருக்கும்.

அம்மாணவர் நேற்று விடியற்காலை நல்லூரிலிருந்து கோப்பாய் வரை நடந்து திரும்பினாராம். பழைய செருப்புடன் நடந்தார் என்றறிந்து மகிழ்ந்தோம்.