கண்ணுக்குப் புலப்படாத விழுப்புண்



பண்டைத் தமிழர் போர்க்களத்திற் பெற்ற புண்ணை இரு வகையாகப் பகுத்தனர். முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண், அது பெருமைக்குரியது. முதுகிற் பட்டது புறப்புண்; அது நாணத்துக்குரியது. வெண்ணிப் பறந்தலையில் கரிகாற் சோழனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் புறங்காட்டி ஓடியவனல்லன். பகைவன் படைக்கலம் அவன் மார்பிற் பாய்ந்து முதுகுவரை ஊடுருவிற்று என்பர். ஆயினும், முதுகிலும் வடு உண்டாயிற்றே என்று நாணி, அவன் வடக்கிருந்து உயிர் நீத்தான். அவ்வேந்தனின் உயிரைக் கொண்டது சோழனது படைக்கலமா, அவனது நாணமா என்று வகுப்பில் மாணவரை நான் வினவுவதுண்டு. நாணமே என்று பெரும்பாலான பிள்ளைகள் விடை கூறுவர்.

மார்பிலும் படாமல், முதுகிலும் படாமல், நெஞ்சுக்குள்ளே நேரும் மூன்றாவது புண்ணொன்று உண்டு. இன்றும் அப்புண்ணைக் காட்டிலும் அதுபற்றிய நாணமே பலரை வருத்துகின்றது. அதனைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், அற்றன் பகுதிப் பாடசாலை ஒன்றில் நான் அதிபராகக் கடமையாற்றிய காலத்தில், அங்கே இரவுக் காவலாளி ஒருவர் இருந்தார். தோட்டத்துக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர்; இராணுவத்திற் பல்லாண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். நள்ளிரவில் எவ்வேளையிற் சென்று பார்த்தாலும் விழித்தே இருப்பார். கதவின் தாழ் அசைந்தாலும் எழுந்து நிற்பார். இத்துணைக் கடமையுணர்ச்சி உடையவரை நான் கண்டதில்லை என்று ஆசிரியர் கூட்டத்தில் புகழ்ந்தும் இருக்கின்றேன். இல்ல விளையாட்டுப் போட்டியன்று, ஓட்டத்தைத் தொடங்கும் துப்பாக்கி வெடித்த கணத்தில், அவர் மைதானத்தின் ஓரத்துக் கானுக்குள் பாய்ந்து குப்புறப் படுத்துவிட்டார். மாணவர் சிரித்தனர். பகலிலேயே மது அருந்தியிருக்கிறார் என்று முடிவு செய்த நான், மறுநாள் விளக்கம் கோரிக் கடிதம் கொடுத்தேன். "மன்னிக்க வேண்டும் சேர்" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் கூறவில்லை.

கூறியவர் அவர் மனைவியார். ஒரு வாரம் கழித்து என் அலுவலகத்துக்கு வந்த அவ்வம்மையார், தமக்குத் தெரிந்த தமிழிலும் எனக்குத் தெரிந்த சிங்களத்திலுமாக விடயத்தை விளக்கினார். தம் கணவர் போர்முனையிலிருந்து திரும்பிய நாள் முதல் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உறங்கியதில்லை. கண்ணயர்ந்தால் அலறி எழுவார். சித்திரை மாதத்து மாலை இடி முழங்கும்போது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கட்டிலின் கீழ் ஒதுங்குவார். எப்படியும் உறங்க முடியாத இரவை ஊதியத்துக்காவது பயன்படுத்தலாம் என்றுதான் இரவுக் கடமையைக் கேட்டு வாங்கினார் என்றார். கடமையுணர்ச்சி என்று நான் புகழ்ந்ததும், குடிவெறி என்று நான் கண்டித்ததும் ஒரே நோயின் இரு முகங்கள். என் கடிதத்தை மீளப் பெற்றுக்கொண்டேன். அப்பொழுதும் நெஞ்சு ஆறவில்லை.

இந்நோய் புதிதன்று. முதல் உலகப் போர் மூண்ட 1914ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்தில், இம்மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் வெள்ளைக்காரத் துரைமார் 200 பேருக்கு மேற்பட்டோர், இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையினராக எகிப்துக்குக் கப்பலேறினர். அவருட் பலர் 1915இல் கலிப்பொலிக் கரையில் நின்றனர். அதே 1915இல், சார்ல்ஸ் மயர்ஸ் என்ற உளநூல் மருத்துவர், உடலிற் காயமின்றியே பார்வையும் நினைவும் குன்றிய படைவீரர்களின் நிலையைக் குறித்து, ‘எறிகுண்டு அதிர்ச்சி’ என்ற பெயரில் மருத்துவ இதழொன்றில் எழுதினார். குண்டு அருகில் வெடித்ததால் மூளை குலுங்கியது என்பது முதற் கருத்து. குண்டு விழாத இடத்தில் இருந்தவருக்கும் அது வந்ததைக் கண்டு, மயர்சே அப்பெயரில் ஐயங்கொண்டார். ஆனால் இராணுவ நீதிமன்றங்கள் மருத்துவருக்காகக் காத்திருக்கவில்லை. கோழைத்தனம், படையை விட்டோடியமை முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானியப் படையிற் சுட்டுக் கொல்லப்பட்டவர்களுள் 306 பேருக்கு அந்நாட்டு அரசு 2006ஆம் ஆண்டில் மன்னிப்பளித்தது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து வந்த மன்னிப்பு!

அக்காலத்து மருத்துவருள் ஒருவரைத் தமிழ் நேயர்கள் அறிந்திருத்தல் தகும். டபிள்யூ. எச். ஆர். ரிவர்சு என்பது அவர் பெயர். 1901, 1902ஆம் ஆண்டுகளில் நீலகிரி மலைகளில் தங்கி, தோடர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து பெருநூல் எழுதியவர் அவரே. போர்க்காலத்தில் எடின்பரோ நகருக்கு அண்மையிலிருந்த கிரெய்க்லொக்கார்ட் மருத்துவமனையில், மனமுடைந்த படை அதிகாரிகளை அவர் பேணினார். ‘நடந்ததை மறந்துவிடு, வேறு எதையாவது நினை’ என்பதே அன்று உறவினரும் மருத்துவரும் கூறிய அறிவுரை. ரிவர்சு அதற்கு மாறாக நடந்தார். பகல் முழுவதும் அமுக்கி வைத்த நினைவே இரவிற் கனவாகி எழுகின்றது என்று கண்டு, நோயாளர் அந்நினைவைச் சிறிது சிறிதாகச் சொல்லவும், தாங்கத்தக்க வகையில் நோக்கவும் துணைநின்றார். தோடர் மந்துகளின் அருகே பொறுமையாய் அமர்ந்து பிறர் சொல்வதைக் கேட்ட பழக்கம் அவருக்கு அங்கே கைகொடுத்தது போலும்.

வியட்நாம் போருக்குப் பின், 1980ஆம் ஆண்டில், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதனைத் தனிநோயாக ஏற்றுப் பெயரிட்டது. நம் நாட்டில், யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் ‘மனவடு’ என்ற தமிழ் நூலை வெளியிட்டார். ‘நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்’ என்று இன்று வழங்குவது இதனையே.

இதன் குறிகள் யாவை? கடந்த நிகழ்ச்சி, நினைவாக அன்றி நிகழ்காலமாகவே மீண்டும் மீண்டும் தோன்றுதல் ஒன்று. அதனை நினைவூட்டும் இடம், பேச்சு, மனிதர் ஆகியவற்றை விலக்கி ஒதுங்குதல் மற்றொன்று. மனைவி மக்கள்மீதும் அன்பு மரத்துப்போதல், தன்னையே பழித்தல், சிறிய ஒலிக்கும் திடுக்கிடல், உறக்கமின்மை, பொங்கும் சினம் என்பனவும் உண்டு. போர் கண்டவர் அனைவருக்கும் இது வருவதில்லை. வந்தவருள்ளும் பலர் சில வாரங்களில் தாமாகவே தேறுவர். ஒரு மாதத்துக்கு மேலும் இக்குறிகள் நீடித்து, வீட்டையும் தொழிலையும் குலைக்குமாயின் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

இவ்விடத்தில் நேயர் சிலர் ஒரு வினாவை எழுப்பக்கூடும். 1977இலும், 1981இலும், 1983இலும் அடிபட்டு, வீடு தீய்ந்து, வன்னிக்கு ஓடிய மக்களின் வழிவந்த நாம், இராணுவத்தினரின் மனவடுவைப் பற்றி ஏன் கவலைகொள்ள வேண்டும் என்பதே அவ்வினா. அதிலுள்ள வேதனையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வாறு வன்னிக்குச் சென்ற நம் உறவினரின் பிள்ளைகளும், விரும்பியோ வற்புறுத்தப்பட்டோ, மறுபுறத்தில் ஆயுதம் ஏந்தி நின்றனர். 2009இல் போர் முடிந்தபின் புனர்வாழ்வு பெற்று வெளிவந்த அவர்களும் இதே இரவுகளைக் கழிக்கின்றனர். படைவீரருக்காவது ஓய்வூதியமும் இராணுவ மருத்துவமனையும் உண்டு. இவர்களுக்கு அவையும் இல்லை. யார்பக்கம் நின்றவர் என்று இந்நோய் பார்த்து வருவதில்லை.

நோய் இருந்தும் அவர்கள் சிகிச்சையை நாடாமைக்குக் காரணங்கள் பல. ‘கை கால் இழந்த தோழர் இருக்க, எனக்கென்ன குறை’ என்ற கூச்சம் ஒன்று. பணியில் உள்ளவருக்கோ பதவி உயர்வு தடைப்படும் என்ற அச்சம். படையிலிருந்து சொல்லாமல் நீங்கியவர் அரசாங்க மருத்துவமனையிற் பெயர் பதியவே அஞ்சுவர். அத்தகையோர் சட்டப்படி விலகுவதற்காகப் பொதுமன்னிப்புக் காலங்கள் பலமுறை, 2024ஆம் ஆண்டிலும், அறிவிக்கப்பட்டன என்றால் அவர்தம் தொகையை ஊகித்துக்கொள்ளலாம். முன்னாட் போராளிக்கோ, வாயைத் திறந்தால் மீண்டும் விசாரணை வருமோ என்ற அச்சம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சொல் இருக்கின்றது: அங்கொடை. அப்பழைய மனநோய் மருத்துவமனை தேசிய மனநல நிறுவகமாகிவிட்ட பின்னரும், ‘உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேண்டும்’ என்ற வசவு நம் பாடசாலை முற்றங்களிலும் லயத்து வாசல்களிலும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றது. அதனைக் கேட்டு வளர்ந்தவர் மனநல மருத்துவரிடம் எளிதிற் செல்வரோ?

சிகிச்சை என்பது யாது என்று தெரிந்தால் அச்சம் பாதி நீங்கும். அலுவலகத்தில் வந்த கடிதத்தை உரிய கோவையிற் சேர்க்காவிடில், அது வேறெதையோ தேடும்போதெல்லாம் கைக்கு அகப்பட்டு இடையூறு செய்யும். பேரச்சத்தின்போது மனத்திற் பதிந்த நினைவும் அத்தகையதே. பயிற்சி பெற்றவர் முன்னிலையில், பாதுகாப்பான அறையில் அமர்ந்து, அந்நினைவைச் சொல்லிச் சொல்லி உரிய இடத்திற் சேர்ப்பதே பேச்சுமுறைச் சிகிச்சை. இது பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வுகள்வரை நடைபெறும். தொடக்கத்தில் வேதனை சற்று மிகுதலும் உண்டு. அதனைக் கண்டு இடையில் நிறுத்தலாகாது. செர்ட்ரலின், பரொக்செட்டின் முதலிய மருந்துகளும் உதவும். அவை பயன்தரச் சில வாரங்கள் செல்லும். கடையில் வாங்கும் தூக்க மாத்திரையோ பழக்கத்துக்கு அடிமையாக்கும், நோயைத் தீர்க்காது. சாராயத்தைப் பற்றி மலைநாட்டு நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சி பெற்றவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை என்பது குறையே. எனினும் முதற்படி அருகிலேயே இருக்கின்றது. அரசாங்க மருத்துவமனைகளில் இச்சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. நேரில் செல்லத் தயங்குவோர், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்துப் பேசலாம்.

வீட்டிலுள்ளோர்க்கு ஒன்று சொல்வேன். ‘உனக்கு மனநோய்’ என்று தொடங்காதீர்கள். ‘என்ன நடந்தது, சொல்’ என்று வற்புறுத்தவும் வேண்டா. உறக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். உறக்கமின்மையை ஒப்புக்கொள்வதில் எந்த வீரனுக்கும் நாணமில்லை. உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி அவர் பேசுவாராயின், அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள், தனியே விடாதீர்கள்.

அக்காவலாளியின் மனைவியார் இவ்வாறுதான் செய்தார். நித்திரைக்கு மருந்து எடுத்து வருவோம் என்று கணவரை அழைத்துச் சென்றார். உறக்கத்தைப் பற்றிக் கேட்ட மருத்துவர், கனவைப் பற்றியும் கேட்டார். மூன்றாம் முறை சென்றபோதுதான் அவர் வாய் திறந்தாராம். மாதந்தோறும் மருத்துவமனைக்குச் செல்ல நான் விடுப்பு அளித்தேன். விளையாட்டுப் போட்டியில் துப்பாக்கிக்குப் பதிலாக ஊதுகுழலை ஒலிக்கச் செய்தேன். தீபாவளி வெடிகளை மட்டும் தடுக்க முடியவில்லை. அவ்விரவு முழுவதும் என் வீட்டில் அமர்ந்து தேநீர் அருந்தினார்.

ஓராண்டுக்கு மேற் சென்றபின், ஒரு நாட் காலையில் அவரிடமிருந்து எழுத்தில் விண்ணப்பமொன்று வந்தது. அவரது இசைவோடுதான் இதனைச் சொல்கின்றேன். இப்பொழுது இரவில் நித்திரை வருவதனால், தமக்குப் பகற் கடமை தந்து உதவுமாறு அதில் வேண்டியிருந்தார்.