சர்டிபிகேட் கேட்காத வகுப்பு

இத்தாலிக்குப் படிக்க வர்ற நம்மாளுங்களைத் தூக்கிவாரிப் போடுறது இங்கத்திய வாய்மொழித் தேர்வுதான். நம்மூர் வைவா மாதிரி பேருக்கு நாலு கேள்வின்னு நினைச்சுடாதீங்க. பல பாடங்களுக்கு மொத்தத் தேர்வே அதுதான். பேராசிரியர் எதிரே உட்காரணும். பின்னாடி மத்த பசங்க உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருப்பாங்க, ஏன்னா விதிப்படியே இது யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாம்ங்கிற தேர்வு. முடிஞ்சதும் முப்பதுக்கு எவ்வளவுன்னு மூஞ்சிக்கு நேரே சொல்லிடுவாங்க. 18 வாங்கினா பாஸ். மார்க் பிடிக்கலைன்னா 'வேண்டாம், அடுத்த தடவை வர்றேன்'னு எழுந்து வந்துடலாம். இந்த வசதி நம்மூர்ல இருந்திருந்தா நானெல்லாம் எங்கேயோ போயிருப்பேன் :-)

இந்த முறையில் யார் ஜெயிக்கிறாங்க, யாரு விடுபட்டுப் போறாங்கன்னு பலெர்மோ வந்ததிலிருந்தே மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு.

முதல்ல சபாஷ் போட வேண்டிய இடத்தில் போட்டுடறேன். 1977-லேயே 517-ஆம் எண் சட்டம் போட்டு, பள்ளிகளில் இருந்த தனி வகுப்புகளை ஒழிச்சு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை எல்லாரோடும் ஒரே வகுப்பில் உட்கார வைத்த நாடு இது. 1999-ல் வந்த 17-ஆம் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் கடமையைச் சொன்னது: உதவிக்கு டியூட்டர், தேவைக்கேற்ற தேர்வு முறை, இதையெல்லாம் கவனிக்க ரெக்டர் சார்பாக ஒரு பேராசிரியர். 2010-ல் 170-ஆம் சட்டம் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளை அங்கீகரித்தது. அடுத்த வருஷ வழிகாட்டுதல்படி, இவங்களுக்குத் தேர்வில் 30% கூடுதல் நேரம். எங்க பல்கலையில் இதுக்குன்னே சென்டிஸ் என்ற மையம் இருக்கு.

நம்ம நாட்டிலும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டைச் சேர்த்துக்கிட்டது. எழுத்துத் தேர்வில் ஒரு மணிக்கு 20 நிமிஷம் கூடுதல். ஆக, காகிதத்தில் இரண்டு பேருமே பரவாயில்லை.

சிக்கல் எங்கேன்னு பார்ப்போம். என்கூடப் படிக்கிற ஒரு பொண்ணுக்கு டிஸ்லெக்சியா. சர்டிபிகேட் இருக்கு, கொடுத்தா, ஏத்துக்கிட்டாங்க. யாரும் முகம் சுளிக்கலை. ஆனா வாய்மொழித் தேர்வில் 30% கூடுதல் நேரம்னா என்னங்க அர்த்தம்? மெதுவா வேர்த்துக் கொட்டலாமா? ஒரு பாடத்துக்குக் கொடுத்த நோட்ஸ் எல்லாம் பழைய புத்தகத்தை ஸ்கேன் பண்ணின படங்கள். அவளோட கணினியில் எழுத்தை வாசிச்சுக் காட்டுற மென்பொருளுக்குப் படத்தில் எழுத்தே தெரியாது. நூறு பக்கத்தை அவ அம்மா உட்கார்ந்து வாசிச்சுக் காட்டினாங்க. பாடத்தை ஒரே அளவுச் சட்டையாத் தைச்சுட்டு, பொருந்தாதவங்களுக்குக் கடைசியில் ஒட்டுப்போட்டுக் கொடுக்கிற கதை.

இன்னொரு பையன். பலெர்மோவில் பிறந்த ஈழத்தமிழ்ப் பிள்ளை. இங்கே எண்பதுகளிலிருந்தே நம்ம சனம் இருக்கு. வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போறவன். சாயங்காலம் வேலை. தெருவில் அவன் பேசுற இத்தாலியனைக் கேட்டா பலெர்மோக்காரனே அசந்துடுவான். ஆனா பேராசிரியர் எதிர்பார்க்கிற புத்தக இத்தாலியன் தேர்வில் வாயில் வராது. இவனுக்கு எந்தச் சட்டம்? எந்த சர்டிபிகேட்?

அதனாலதான் அமெரிக்காவில் 1984-ல் தொடங்கின காஸ்ட் அமைப்பு உருவாக்கின 'யுனிவர்சல் டிசைன் ஃபார் லேர்னிங்' எனக்குப் பிடிக்குது. யோசனை கட்டடக்கலையிலிருந்து வந்தது. சக்கர நாற்காலிக்குன்னு சாய்தளம் போட்டா, பெட்டி இழுக்கிறவங்க, முட்டிவலிப் பாட்டி எல்லாரும் அதில்தானே ஏறுறாங்க? பாடத்துக்கும் அப்படியே. ஆர்வம் வர ஒன்றுக்கு மேற்பட்ட வழி, விஷயத்தைக் காட்ட ஒன்றுக்கு மேற்பட்ட வழி, தெரிஞ்சதை வெளிப்படுத்த ஒன்றுக்கு மேற்பட்ட வழி. இதைப் பாடம் தொடங்கும் முன்னாடியே திட்டத்தில் வைக்கணும்.

இதைச் சொன்னா பேராசிரியர்கள் சொல்லுற பதில் பெரும்பாலும் மூணு.

1. "தரம் குறைஞ்சிடும்." கேள்வியின் கடினம் அப்படியே இருக்கட்டும் சார். பதிலை எழுதியும் சொல்லலாம், பேசியும் சொல்லலாம், அவ்வளவுதான்.

2. "என் வகுப்பில் அப்படி யாரும் இல்லை." இருக்காங்க. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு சர்டிபிகேட்டைப் பைக்குள்ளேயே வச்சிருக்காங்க.

3. "நேரமில்லை." இது மட்டும் நியாயமானது. இத்தாலியில் பேராசிரியர் தகுதிக்கு முக்கியமாப் பார்க்கிறது ஆய்வுக் கட்டுரைகளை. எப்படிக் கற்பிக்கணும்னு யாரும் அவங்களுக்குக் கற்பிக்கலை. பிறகு சுற்றறிக்கை அனுப்பினா மட்டும் மாறிடுவாங்களா?

இந்த இடத்தில்தான் பலெர்மோ செஞ்ச ஒரு காரியம் முக்கியமாப் படுது. 2013-ல் இங்கே 'ப்ரொஜெத்தோ மென்தோரே'ன்னு ஒண்ணு தொடங்கினாங்க. விருப்பப்படுற ஆசிரியர் மட்டும் சேரலாம். சக ஆசிரியர்கள் அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பாங்க, மாணவர்களோட கருத்தையும் எடுத்துக்குவாங்க, அப்புறம் தனியா உட்கார்ந்து பேசுவாங்க. இன்ஸ்பெக்‌ஷன் மாதிரி மார்க் போடுற வேலை இல்லை. இது பொதுவாகக் கற்பித்தலை மேம்படுத்த வந்த திட்டம்தான். ஆனா எல்லாரையும் உள்ளடக்கிய பாடத் திட்டமும் இந்த வாசல் வழியாத்தான் உள்ளே வரமுடியும்னு நினைக்கிறேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கிற வேற துறைக்காரருக்கு அந்தப் பாடம் பாதி புரியாது. புரியாதவன் எங்கே தடுக்கி விழுவான்னு அவருக்குத்தான் முதல்ல தெரியும். சக ஊழியர் சொன்னா காதில் ஏறும், ஆபீஸ் கடிதம் சொன்னா குப்பைக்கூடைக்குப் போகும். மனுஷ சுபாவம்!

போன செமஸ்டரில் எங்க ஆசிரியர் ஒருத்தர் செஞ்சது மூணே விஷயம். நோட்ஸை வாசிக்கக்கூடிய எழுத்தாகப் போட்டார். தேர்வுத் தலைப்புகளை முன்கூட்டியே பட்டியலாகக் கொடுத்தார். எழுதுறதா பேசுறதான்னு எங்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். அந்தப் பொண்ணு பேசினா. ஈழத்துப் பையன் எழுதினான். கேள்வி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். சர்டிபிகேட் யாரும் கேட்கலை.

இதைப் படிக்கிற பதிவர்களில் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் இருக்கீங்கன்னு தெரியும். அடுத்த செமஸ்டருக்கு நோட்ஸ் தயார் பண்ணும்போது ஒரே ஒரு தடவை, போனில் இருக்கிற வாசிப்பு வசதியை விட்டு அதைப் படிக்கச் சொல்லிப் பாருங்க. போன் திணறினா, உங்க வகுப்பிலும் யாரோ திணறிக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம்.